களிமண் ஆளும் இரண்டு அங்குல வயரும்

சனிக்கிழமை காலை வந்த ஒரு போனுக்கு ஷேக் பரீத், தன் வாழ்நாளில் எத்தனையோ ஆயிரம் முறை சொன்ன அதே சொல்லைச் சொன்னார்.

"ஆகட்டுங்க."

சொல்லிவிட்டு போனைக் கீழே வைக்க மறந்து, கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். போத்தனூரில் ரயில் பாதையை ஒட்டிய வீடு அது. கூட்ஸ் வண்டி ஒன்று போய் முடிகிறவரை அப்படியே நின்றார்.

"யாருக்கு ஆகட்டும்?" என்றாள் சமையலறையிலிருந்து சித்திகா. "ஏனுங்க, உங்களத்தான். 'முடியாது'ங்கற சொல்லு எந்தக் கடையில கெடைக்குதுன்னு கேட்டு வெய்யுங்க. நானே போய் ஒரு கிலோ வாங்கியாறேன்."

"பல்லடத்துக் கண்ணையா."

"அந்த ஆளா? ஏழு வருசமாக் கூப்புடவே இல்லியே."

பரீத் அப்போதுதான் போனைக் கீழே வைத்தார்.

கண்ணையா கோழித்தீவன மில் வைத்திருப்பவர். மில்லுக்குப் புதிதாக ஒரு கலவை மெசின் வந்திருந்தது. மக்காச்சோள மாவும் சோயாப் புண்ணாக்கும் உள்ளே சுழன்றுகொண்டிருக்கும்போது மேல்மூடியைத் திறந்தால் மெசின் உடனே நின்றுவிடும். மூடியின் ஓரத்தில் ஒரு சின்ன ஸ்விட்ச் இருந்து அந்த வேலையைச் செய்தது. ஆனால் நடுவில் மருந்துப் பொடி போட மூடியைத் திறக்க வேண்டியிருந்தது. முழுச் சுமையோடு நின்ற மெசின் மறுபடி கிளம்பாது. உள்ளே இருப்பதையெல்லாம் அள்ளிக் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

"பழைய மெசினுக்குப் பண்ணிக் குடுத்தியல்ல பாய், அதே மாதிரி இதுக்கும் பண்ணிரு. திங்கக்கெழம காத்தால வந்துரு. டிபன் நம்மூட்லதான்," என்றார் கண்ணையா.

அதே மாதிரி. அந்தச் சொல்லைக் கண்ணையா அத்தனை சாதாரணமாகச் சொன்னதுதான் பரீத்தை நிற்க வைத்தது.

எட்டு வருடங்களுக்கு முன் பழைய மெசினுக்கும் இதே தொல்லை. அப்போதும் கண்ணையா கூப்பிட்டார். "நாலு நாளைக்கு மட்டும், பாய். ஒரு பெரிய ஆர்டர் போயிரட்டும்." பரீத் மெசினின் மின்சாரப் பேனல் பெட்டியைத் திறந்து, மூடி ஸ்விட்சின் இரண்டு முனைகளையும் இரண்டு அங்குல நீளமுள்ள ஒரு சாம்பல் நிற வயரால் இணைத்தார். இரண்டு நிமிட வேலை. அதன்பின் மூடி திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பது மெசினுக்குத் தெரியாது. அது பாட்டுக்குச் சுற்றும்.

நாலு நாள் கழித்து எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தார். நாலாம் நாள் யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடாமல் போய் நின்று, எடுத்துவிடட்டுமா என்று கேட்பது, கொடுத்த வாக்கை மீறுவது போலப் பட்டது. பத்து நாள், ஒரு மாதம், பதினோரு மாதம். ஒரு நாள் மதியம் சாக்கு நூல் ஒன்று கலவைக்குள் விழ, அதை எடுக்க மூடியைத் திறந்து கையை விட்டாள் மெசினில் வேலை செய்த ரங்கநாயகி. வலக்கையில் மூன்று விரல்கள் போயின.

அன்று கண்ணையா போனில் சொன்னது ஒரே வரி. "பாய், ஒடனே வா." பரீத் போனார். யாரும் பார்ப்பதற்கு முன் அந்த வயரைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மறுநாள் விசாரிக்க வந்தவர்கள் மூடியைத் திறந்து பார்த்தார்கள். மெசின் ஒழுங்காக நின்றது. அப்படியானால் அந்தப் பெண்தான் ஏதோ கவனமில்லாமல் செய்திருக்க வேண்டும் என்று எழுதிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரிச் செலவு முழுக்கக் கண்ணையா பார்த்தார். அவளுக்கு மில் வாசலில் கேட் திறக்கிற வேலையும் கொடுத்தார். எல்லாரும் அவரை நல்ல மனுசன் என்றார்கள். பல விதங்களில் நல்ல மனுசன்தான்.

அந்த வயரை பரீத் எறியவில்லை. டூல் பெட்டியின் மூடிக்குள், டேப் போட்டு ஒட்டி வைத்திருந்தார்.

கொங்கு நாட்டில் ஒருவர் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வது, விருந்தாளியை வாசலில் நிறுத்திக் கதவைச் சாத்துவது மாதிரி. அதனால் முடியாததற்கும் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: "பாக்கலாங்க." கேட்டவர் புரிந்துகொண்டு எழுந்துவிடுவார். பரீத்துக்கு அதுகூட வாயில் வராது. கோட்டைமேட்டில் பிறந்தவர். அவருடைய அத்தா ஒப்பணக்கார வீதி ஜவுளிக் கடையில் நாற்பது வருடம் துணி எடுத்துப் போட்டவர். "இன்னொண்ணு எடுங்க," "மேல இருக்கறத எறக்குங்க" என்று வந்தவர்கள் சொன்னதற்கெல்லாம் அவர் சொன்னது ஒரே சொல். கடை மூடி வீடு வந்த பிறகும் அவர் வாய் அதையேதான் சொன்னது. மகன் ஐ.டி.ஐ. முடித்து, கணபதியில் ஒரு பேனல் பட்டறையில் வயர்மேனாகச் சேர்ந்தபோது, அந்தச் சொல்லும் கூடவே போனது. அங்கே பதினெட்டு வருடம். பிறகு தனியாக. தனியாக வந்த பின் கிடைத்த முதல் வேலை கண்ணையாவினுடையது.

பரீத் கட்டும் பேனலுக்குள் வயர்கள் எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை போல இருக்கும். ரங்கநாயகிக்குக் கை போன பிறகு, வேலை செய்யும் முறையில் ஒன்றை மாற்றிக்கொண்டார். எந்தப் பேனலானாலும் முதலில் பொருத்துவது சிவப்பு ஸ்டாப் பொத்தானை. அது வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகுதான் பச்சைப் பொத்தானுக்கு வயர் இழுப்பார். ஏன் இப்படித் தலைகீழாக என்று கேட்டவர்களுக்குச் சிரிப்பே பதில்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவருக்கு வேறொரு வாழ்க்கை இருந்தது. அது சித்திகாவுக்கே பாதி புரியாத வாழ்க்கை.

சாயிபாபா காலனியில் ஒரு பேக்கரிக்கு மேலே இருந்த அறையில் விளக்கு மாட்டப் போனதில் அது ஆரம்பித்தது. ஏழு மாதமாகிறது. அறை நடுவே பெரிய மேசை. சுற்றிலும் மூன்று பேர். பம்ப் கம்பெனியில் வரைபடம் போடும் ஹாரிகா, அவளுடைய சித்தி மகன் நவநீத், பல் மருத்துவம் படிக்கும் லோகப்பிரியா. மேசை மேல் விரல் உயரப் பொம்மைகளும் இருபது முகம் கொண்ட பகடைகளும் கிடந்தன. அவர்கள் வாயாலேயே ஒரு கதையை நடத்திக்கொண்டிருந்தார்கள். ஹாரிகா கதை சொல்பவள். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்து, நான் இதைச் செய்கிறேன், அதைச் செய்கிறேன் என்று சொல்வார்கள். செய்தது பலித்ததா என்பதைப் பகடை சொல்லும். ஏணி மேல் நின்று ஹோல்டரைத் திருகிக்கொண்டிருந்த பரீத், திருகி முடித்த பிறகும் அரை மணி நேரம் இறங்கவில்லை.

"ஏனுங்ணா, ஏணியிலயே குடித்தனம் பண்றதா உத்தேசமா?" என்றான் நவநீத்.

"இல்லீங்க தம்பி, அந்தக் கொகைக்குள்ள போனவங்க என்ன ஆனாங்கன்னு பாத்துட்டு எறங்கலாம்னு."

எல்லாரும் சிரித்தார்கள். அன்று அவர்களுக்கு ஒரு ஆள் குறைந்தது. ஹாரிகா ஒரு அட்டையை எடுத்து நீட்டினாள். "இந்த வேசத்தை எடுத்துக்கங்ணா. பேசவே வேண்டாம். சொல்றதச் செஞ்சாப் போதும். இதுக்குப் பேரு கோலெம்."

"அதென்னுங்க?"

யூதர்களின் பழங்கதை ஒன்றை ஹாரிகா சொன்னாள். பிராக் என்ற ஊரில் அவர்களுக்கு ஆபத்து வந்த காலத்தில், ஒரு ஞானி ஆற்றங்கரைக் களிமண்ணை எடுத்து ஓர் ஆளைச் செய்தார். இறைவனின் பெயரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அதன் வாய்க்குள் வைத்தார். களிமண் எழுந்து நின்றது. அதற்குப் பேச வராது. சொன்னதைச் செய்யும், தண்ணீர் சுமக்கும், விறகு பிளக்கும், காவல் காக்கும். வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் யூதர்களுக்கு ஓய்வு நாள் தொடங்கும். அதற்கு முன் ஞானி அந்தக் காகிதத்தை எடுத்துவிடுவார். களிமண் ஆளும் மண்ணாக ஓய்ந்து கிடக்கும். ஒரு வெள்ளிக்கிழமை அவர் எடுக்க மறந்துவிட்டார். அது ஊருக்குள் இறங்கி, அகப்பட்டதையெல்லாம் உடைத்துப் போட்டது. ஓடிப்போய் அதன் வாயிலிருந்து காகிதத்தைப் பிடுங்கிய பிறகுதான் அடங்கியது.

"அந்தக் கதையிலிருந்துதான் இந்த மாதிரி ஆட்டத்துக்கெல்லாம் வந்துச்சுங்ணா. கல்லு, இரும்பு, களிமண்ணுன்னு வகைவகையா இருக்கும். கடைசியா என்ன சொன்னோமோ அதையே செஞ்சுட்டு நிக்கும்."

பரீத் வெகுநேரம் யோசித்துவிட்டுக் கேட்டார். "அப்ப ஸ்டாப் பொத்தான் அந்தக் காகிதந்தானுங்களா?"

"அப்படித்தான் வெச்சுக்கங்க."

"மனுசன் ஞாபகமா எடுத்தாத்தான் நிக்குமுன்னா, அது தப்பான வயரிங்குங்க அம்மணி. மறக்கறவனுக்காகத்தான் ஸ்விட்சே வெக்கறது."

அதிலிருந்து எல்லா ஞாயிறும் மதியம் அவர் வந்தார். தெரிந்தவர்கள் கேட்டால், பேக்கரிக்கு மேலே ஒரு வேலை என்பார். அவர் வளர்ந்த வீட்டில் முகம் வைத்த பொம்மைகளை வைத்துக்கொள்ளும் வழக்கமில்லை. அதனால் தன் ஆளுக்குப் பதிலாக, சட்டைப்பையிலிருந்து ஒரு பித்தளை நட்டை எடுத்து மேசையில் வைத்தார். யாரும் ஏனென்று கேட்கவில்லை. லோகப்பிரியா அதற்கு மண்ணண்ணா என்று பெயர் வைத்தாள். பேசாத களிமண்ணுக்கும் மரியாதை குறையவில்லை. "ஏனுங் மண்ணண்ணா, அந்தக் கதவக் கொஞ்சம் ஒடைச்சுக் குடுங்களேன்," "அந்தப் பாலத்தைச் சித்த நேரம் தாங்கிப் புடிங்க." எதற்கும் அவர், "ஆகட்டுங்க." அதைக் கேட்டு மேசையே சிரிக்கும். வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்கு எரிச்சல் தந்த சொல், இங்கே மட்டும் வேடிக்கையாகவும் பயனுள்ளதாகவும் இருந்தது. அதனாலேயே அவருக்கு அந்த இடம் பிடித்திருந்தது.

கண்ணையாவின் போன் வந்த மறுநாளும் போனார். போகாமலிருந்தால் வீட்டில் அந்த டூல் பெட்டியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

அன்றைய கதையில் ஒரு வாய்க்கால், அதன் குறுக்கே ஒரு மதகு. எதிரிகளின் படகுகள் வாய்க்காலில் வந்துகொண்டிருந்தன. நவநீத் அந்தக் கதையில் படைத்தலைவன். அவன் சொன்னான்: "மண்ணண்ணா, மதகை மூடிப் புடிச்சுக்கங்க. நாஞ் சொல்ற வரைக்கும் தொறக்காதீங்க."

"ஆகட்டுங்க." பித்தளை நட்டை மதகின் மேல் நகர்த்தி வைத்தார்.

படகுகள் நின்றன. சண்டை நடந்தது. நவநீத் பகடையை உருட்ட, இருபது முகத்தில் மிகக் குறைந்த ஒன்று விழுந்தது. படைத்தலைவன் செத்துப்போனான். நவநீத் தலையில் அடித்துக்கொண்டு, பேக்கரியில் பப்ஸ் வாங்கக் கீழே இறங்கிப் போனான். ஹாரிகா கதையைத் தொடர்ந்தாள். மூடிய மதகுக்கு மேல்பக்கம் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. கரையோரம் நெசவாளிகள் குடியிருந்த ஒரு சின்ன ஊர் இருந்தது.

"மொத வாசப்படி நனையுது. அப்புறம் தறிக்குழிக்குள்ள தண்ணி போகுது. ஒரு பொம்பளை ஓடி வந்து உங்க முதுகுல தட்டறாங்ணா. 'தண்ணி ஊட்டுக்குள்ள வந்துருச்சு சாமி, கதவத் தொறங்க'ங்கறாங்க. என்ன பண்றீங்க?"

"புடிச்சுட்டிருக்கேனுங்க."

"இன்னும் பத்துப் பேரு வர்றாங்க. கல்லெடுத்து அடிக்கறாங்க. உங்களுக்கு வலிக்காது. கொழந்தைகளக் கூரை மேல ஏத்தறாங்க. என்ன பண்றீங்க?"

"புடிச்சுட்டிருக்கேனுங்க."

லோகப்பிரியாவால் பொறுக்க முடியவில்லை. "அண்ணா, சொன்னவன் செத்துட்டான். படகெல்லாம் போயிருச்சு. இனி யாரு வந்து சொல்லுவா? தொறந்துருங்க."

"அவரு சொல்ற வரைக்குமுன்னுதானுங்க சொன்னாரு."

"மறுத்துப் பாக்கறதுக்கு விதி இருக்குங்ணா," என்று ஹாரிகா பகடையை அவர் பக்கம் தள்ளினாள். "பதினெட்டுக்கு மேல விழுந்தா கோலெம் சொந்தமாத் தொறக்கலாம். உருட்டுங்க."

பரீத் பகடையைத் தொடவில்லை. அவர் கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. ஹாரிகா காத்திருந்தாள். பிறகு, வேறு வழியில்லாமல், குரலைத் தாழ்த்திக் கொண்டு, தண்ணீர் கூரைக்கு மேல் ஏறியதைச் சொன்னாள்.

"நாலு நாளைக்குன்னுதானுங்க சொன்னாரு," என்றார் பரீத்.

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கதையில் நாலு நாள் என்று யாரும் சொல்லவில்லை. அவர் எழுந்து, செருப்பை மாட்டி, படியில் எதிரே பப்ஸோடு வந்த நவநீத்துக்கு வழிவிட்டு இறங்கிப் போனார். நட்டு மதகின் மேலேயே இருந்தது.

அன்று பொழுது சாய்ந்ததும் சித்திகாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். திருமணமாகிப் பதினாறு வருடத்தில் அவர் இவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியதில்லை. அவர் முடித்ததும் அவள் டூல் பெட்டியைத் திறந்து மூடியின் உட்புறத்தைப் பார்த்தாள்.

"இதையும் தூக்கிட்டா ஏழு வருசம் ஊரூராப் போய்ட்டு வந்தீங்க?"

"ம்."

"நாளைக்கு அந்த வேலையச் செய்ய மாட்டீங்கல்ல?"

"மாட்டேன்னு நெனைக்கறேன்."

"நெனைக்கறீங்களா?" என்றாள். பிறகு குரல் தணிந்து, "அந்தம்மாவுக்கு இது தெரியுமா?" என்று கேட்டாள்.

பரீத் இல்லையென்று தலையாட்டினார். சித்திகா பெட்டியை மூடிவிட்டு உள்ளே போனாள்.

திங்கள் காலை சிங்காநல்லூர், சூலூர் வழியாகப் பல்லடம் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டரை. ரங்கநாயகிதான் கேட்டைத் திறந்தாள். வலக்கையில் மிஞ்சிய கட்டைவிரலும் சுட்டுவிரலும் கொண்டு தாழ்ப்பாளைத் தள்ளும் லாகவம் அவளுக்குப் பழகியிருந்தது.

"வாங்க பாய். எத்தன வருசமாச்சு, ஊட்ல எல்லாரும் சௌக்கியமுங்களா?"

"சௌக்கியமுங்க்கா. நீங்க?"

"எனக்கென்னுங்க, உக்காந்த எடத்துல வேலை. புதுசா ரெண்டு புள்ளைங்க மெசினுக்கு வந்திருக்குதுங்க. மொத நாளே கூப்புட்டு வெச்சு இந்தக் கையக் காமிச்சுட்டேன். 'அம்மணி, இது மெசினோட தப்பில்ல, என்ற தப்பு. மெசின் நின்னுச்சா இல்லியான்னு பாக்காம கைய வுட்ட கழுதை நானு. நீங்களாச்சும் சூதானமா இருங்க'ன்னு." சிரித்தாள். ஏழு வருடமாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதை போல அது வழுக்கிக்கொண்டு வந்தது.

பரீத்தால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உள்ளே போனார்.

கண்ணையா இட்லி சாப்பிடக் கூப்பிட்டார். வேலை முடித்துவிட்டுச் சாப்பிடுகிறேன் என்றார் பரீத். பேனல் பெட்டி முன் உட்கார்ந்து கதவைத் திறந்தார். கண்ணையா பின்னால் வந்து நின்றார். மூடி ஸ்விட்சின் இரண்டு முனைகளும் கண்ணெதிரே இருந்தன. இரண்டு நிமிட வேலை.

பரீத் கதவைச் சாத்தினார்.

"இது ஆகாதுங்க."

"ஏன், ஒயரு கொண்டாரலையா? நம்ம ஸ்டோர்ல இருக்குமே."

"இருக்குதுங்க. ஆகாதுங்க."

இந்த மனிதரிடமிருந்து இப்படி ஒரு சொல்லை எப்படி வாங்கி எங்கே வைப்பது என்று கண்ணையாவுக்குத் தெரியவில்லை. "நீ இல்லாட்டி வேற ஆளு கெடைக்காதுன்னு நெனைச்சியா பாய்?"

"கெடைப்பாங்க. அதனாலதான் இன்னொண்ணும் சொல்றேனுங்க. மூடியில ஒரு ஓட்டை போட்டு, பொனல் வெச்சு, கம்பி வலை அடிச்சுட்டா, தொறக்காமயே பொடி போட்டுக்கலாம். கை உள்ள போகாது, மெசினும் நிக்காது. பட்டறையில சொன்னா அரை நாள்ல முடிச்சுக் குடுப்பாங்க."

கண்ணையா மூடியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "இவ்வளவு சுளுவா? அப்ப ஏன் அன்னைக்கே சொல்லல?"

பரீத் இந்தக் கேள்விக்குத்தான் ஏழு வருடமாகப் பயந்திருந்தார்.

"அன்னைக்கும் தெரியுமுங்க. நீங்க ஒண்ணு கேக்கும்போது அப்படி வேண்டாம், இப்படின்னு மறுத்துச் சொல்ல வாய் வரலீங்க."

மில்லுக்குள் எங்கோ சாக்குத் தைக்கும் மெசின் ஓடி நின்றது. கண்ணையாவின் முகத்தில் கோபம் வந்து, தங்க இடமில்லாமல் போனது. பரீத் டூல் பெட்டியைத் திறந்து, ஒட்டியிருந்த டேப்பைப் பிய்த்து, அந்தச் சாம்பல் வயரை எடுத்தார்.

"அது எதுக்கு இப்ப?"

"அந்த அக்காகிட்டச் சொல்லோணுங்க."

"பாய்." கண்ணையா குரலைத் தாழ்த்தினார். "ஆறிப்போன புண்ணு. அது பாட்டுக்கு நிம்மதியா இருக்குது. சொல்லி என்ன ஆகப்போகுது? சொன்னீன்னா இனி இந்த வாசப்பக்கம் காலெடுத்து வெக்காதே."

"சரிங்க," என்றார் பரீத்.

கேட் அருகே வேப்பமரத்து நிழலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. ரங்கநாயகி வருகிற லாரிக்காக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பரீத் அவள் எதிரே தரையில் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"என்னுங்க பாய், அங்க போய் உக்காந்துட்டீங்க? எந்திரிங்க."

அவர் எழவில்லை. உள்ளங்கையில் வயரை வைத்து நீட்டினார். என்ன நடந்தது என்று வரிசையாகச் சொன்னார். நாலு நாள் என்று சொன்னது, எடுக்காமல் விட்டது, அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போன அதே நேரத்தில் தான் வந்து இதைக் கழற்றியது. கண்ணையா மேல் எதையும் ஏற்றிச் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

ரங்கநாயகி வயரை எடுத்தாள். இரண்டு விரல்களுக்கிடையில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"இத்தனூண்டா?" என்றாள்.

ஒரு லாரி வந்து ஹாரன் அடித்தது. அவள் எழவில்லை. டிரைவரே இறங்கி கேட்டைத் திறந்து வண்டியை உள்ளே விட்டுக்கொண்டான்.

"ஏழு வருசம்," என்றாள். "என்ற மாமியா சாகற வரைக்கும் 'கவனங்கெட்டவ'ன்னே சொல்லிட்டுச் செத்துச்சு. என்ற மகளுக்கு மாப்ள பாக்க வந்தவங்க கையப் பாத்துட்டுக் கேட்டாங்க. 'என்ற தப்புதானுங்க'ன்னேன். இப்பக்கூட அந்தப் புள்ளைங்ககிட்ட..." வயரைத் தரையில் போட்டாள். மறுபடி எடுத்தாள். "என்னைக் கழுதைன்னு நானே சொல்லிட்டுத் திரிஞ்சனே பாய்."

பரீத் மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல ஆரம்பித்தார்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க," என்று வெட்டினாள். "மன்னிப்பு இருந்தா ஆண்டவன்கிட்டக் கேட்டுக்கங்க. எனக்கு ஒண்ணு சொல்லுங்க. அந்தப் புது மெசின் நிக்குதா நிக்கலியான்னு எப்படிப் பாக்கறது?"

அவர் அவளை உள்ளே அழைத்துப்போனார். கண்ணையா அலுவலகக் கதவருகே நின்று பார்த்தார், தடுக்கவில்லை. மெசினில் நின்ற இரண்டு பெண்களையும் கூப்பிட்டு, பரீத் காட்டினார். காலையில் முதல் வேலை, உள்ளே எதுவும் போடாமல் வெறும் மெசினை ஓட்ட வேண்டும். ஓடும்போது மூடியைத் தூக்க வேண்டும். நின்றால் சரி. நிற்கவில்லையென்றால் யாரோ உள்ளே வயர் போட்டிருக்கிறார்கள். யார் சொன்னாலும் கையை வைக்கக் கூடாது. ரங்கநாயகி தானே மூடியைத் தூக்கிப் பார்த்தாள். சுழன்றுகொண்டிருந்த இரும்பு ஒரு நொடி தயங்கி நின்றது. இன்னொரு தடவை தூக்கினாள். மூன்றாவது தடவையும்.

திரும்பிக் கேட்டுக்கு வரும்போது சொன்னாள். "தெனமும் காத்தால எட்டு மணிக்கு நானே பாப்பேன். நின்னா உங்களுக்கு ஒரு மிஸ்டு கால் குடுப்பேன். எடுக்காதீங்க, எனக்கு உங்ககிட்டப் பேச ஒண்ணுமில்ல. கால் வரலைன்னா கெளம்பி வரோணும்."

"மொதலாளி வரக் கூடாதுன்னு சொல்லியிருக்காருங்க்கா."

"கேட்ல நாந்தான உக்காந்திருக்கேன்?"

பரீத் தலை குனிந்தார். "ஆகட்டுங்க."

அந்த வயரை அவள் திருப்பித் தரவில்லை.

அடுத்த ஞாயிறு அவர் பேக்கரிக்கு மேலே போனபோது மூவரும் பேச்சை நிறுத்தினார்கள். ஹாரிகா, போன வாரம் நடந்ததைக் கதையிலிருந்து எடுத்துவிடலாம், யாரும் சாகவில்லை என்று வைத்துக்கொள்ளலாம் என்றாள். பரீத் வேண்டாம் என்றார். பித்தளை நட்டு மதகின் மேலேயே இருந்தது. ஒரு வாரமாக யாரும் அதைத் தொடவில்லை. அவர் அதை எடுத்துக் கரையில் வைத்தார்.

"மதகத் தொறக்கறேனுங்க."

"யாரும் சொல்லலியே மண்ணண்ணா?" என்றான் நவநீத், மெதுவாக.

"சொல்லலீங்க தம்பி."

"அப்ப உருட்டோணும்," என்று ஹாரிகா பகடையை எடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். அன்று முழுக்கக் களிமண் ஆள் வேறெதுவும் செய்யவில்லை. தண்ணீர் வடிந்த ஊருக்குள் இறங்கி, ஒவ்வொருவராகத் தூக்கி வந்து மேட்டில் கிடத்தியது. எத்தனை பேர் என்று அவர் கேட்டார். ஹாரிகா சற்று யோசித்து, முப்பத்தொன்று என்றாள். முப்பத்தொரு தடவையும், "தூக்கிட்டு வர்றேனுங்க" என்று அவர் சொன்னார், யாரும் அவசரப்படுத்தவில்லை.

மிஸ்டு கால் தினமும் வந்தது. எட்டு மணிக்கு ஒரு மணியடித்து நிற்கும். அது வரும்வரை அவர் டீயைத் தொட மாட்டார். சித்திகாவும் அந்த நேரத்தில் மிக்சி போடுவதை நிறுத்தினாள். கண்ணையா மூடிக்குப் பொனல் வைத்துவிட்டார் என்று பட்டறைக்காரர் வழியாகத் தெரிந்தது. வேலைக்கு மட்டும் அவரைக் கூப்பிடவில்லை.

இரண்டாம் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. மணி எட்டு ஆனது. எட்டு ஐந்து. எட்டு பத்து. போன் மேசை மேல் கிடந்தது.

"கரண்டு இல்லாம இருக்கும்," என்றாள் சித்திகா.

"இருக்கும்," என்று சொல்லிக்கொண்டே டூல் பெட்டியை எடுத்தார். மதியம் ஜும்மாத் தொழுகைக்குள் திரும்பிவிடலாம். வண்டியைக் கிளப்பினார்.

சூலூர் தாண்டும்போது சட்டைப்பைக்குள் போன் ஒரு மணியடித்து நின்றது. ஓரமாக நிறுத்தி எடுத்துப் பார்த்தார். ரங்கநாயகி. எட்டு ஐம்பது. கரண்டுதான் இல்லாமல் போயிருக்க வேண்டும். லாரிகள் அவரை ஒட்டிக் காற்றை வீசிக்கொண்டு போயின. போனைப் பையில் போட்டுக்கொண்டு, வண்டியைத் திருப்பாமல், பல்லடம் ரோட்டிலேயே போனார்.

ரங்கநாயகி அவரைக் கண்டதும் நாற்காலியிலிருந்து எழுந்தாள். "அதான் கால் குடுத்தனே. வரலியா?"

"வந்துச்சுங்க்கா. கண்ணால ஒருக்காப் பாத்துட்டுப் போறனுங்க."

அவள் அவரையும் அலுவலகக் கதவையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு இரண்டு விரல்களால் தாழ்ப்பாளைத் தள்ளினாள்.